முப்பத்திரண்டு அங்குலம்

“மெல்லமா இழுக்கா, ரோலு ஜன்னல் கம்பில மாட்டிக்கப்போவுது!” என்று கீழே நின்று கத்துகிறார் ஜலால் மேஸ்திரி. முதல் மாடி பால்கனியில் ஞானசௌந்தரி தன் சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போட்டுக்கொண்டு, நைலான் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுக்கிறார். ஒயர் கூடை ஆடி ஆடி மேலே வருகிறது. உள்ளே கால் கிலோ வெண்டைக்காய், ஒரு பால் பாக்கெட், நகலெடுத்த அம்மோனியா வாடை இன்னும் போகாத ஒரு வீட்டு பிளான் சுருள். செம்பாக்கத்தில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லோருமே கயிறு வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் கயிற்றில் கீரையும் பேப்பரும் ஏறும்; இவர் கயிற்றில் முழுக் கட்டடமே ஏறி இறங்குகிறது.

வெண்டைக்காய் கிடக்கட்டும், முதலில் பிளான். மேஜையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு எவர்சில்வர் டம்ளர் வைக்கிறார். காதோரம் செருகியிருந்த சிவப்புப் பென்சில் இறங்குகிறது. ஹாலைப் பார்ப்பதில்லை, படுக்கையறையைப் பார்ப்பதில்லை. நேரே கக்கூஸ் கதவுக்குத்தான் போகிறார். “ஜலாலு, இந்த வாசல்ல பூனை போகும். புள்ளத்தாச்சிப் பூனைன்னா அதுவும் போகாது!” என்று பால்கனிப் பக்கம் திரும்பிக் கத்துகிறார். “அத்த ஏன்க்கா எங்கைல சொல்ற? வரைஞ்ச இஞ்சினியர்கைல சொல்லு” என்று ஜலால் பீடியைப் பற்றவைக்கிறார். அரை மணி நேரம் ஒரு கோடு விடாமல் படிப்பார். எந்தத் தாளையும் முழுக்கப் பிரித்துப் பார்க்காமல் ஞானசௌந்தரி கையெழுத்துப் போட மாட்டார். ரிஜிஸ்தர் தபால்காரர் நீட்டும் சீட்டைக்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார். கூடப் பிறந்த குணம் இல்லை அது. பட்டு வந்த புத்தி. அந்தக் கதை பின்னால் வருகிறது.

விசிட்டிங் கார்டில் ‘கட்டட வழி ஆலோசகர்’ என்று போட்டிருக்கிறது. தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் அதை அடிக்கக் கொடுத்தபோது, கம்போசிங் செய்தவர் “வாஸ்துங்களா மேடம்?” என்று எழுந்து நின்று கேட்டாராம். இல்லை என்றதும் உட்கார்ந்துவிட்டார். அடுக்குமாடி வீடு கட்டுகிறவர்களிடம் போய், நடக்க முடியாத ஒருவர் அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா என்று பார்த்துச் சொல்வது இவர் வேலை. வாசல் ஏற முடியுமா, கதவுக்குள் நுழைய முடியுமா, கக்கூசுக்குள் போய்த் திரும்ப முடியுமா, ஸ்விட்ச் எட்டுமா, அவ்வளவுதான். இப்படி ஒரு தொழில் உண்டு என்பதே தாம்பரத்தில் இவர் சொல்லித்தான் தெரிந்தது. சொன்ன பிறகும் பாதிப் பேர் நம்பவில்லை.

மூன்று வயதில் போலியோ. முப்பத்தாறு வயது வரை காலில் இரும்புச் சட்டம், அக்குளில் கட்டை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு இஞ்சினியர் ஆபீசில் டிரேசிங் வேலை. மற்றவர்கள் வரைந்ததன் மேல் தாளைப் போட்டுப் பதினான்கு வருஷம் நகல் எடுத்தார். தோள்மூட்டு தேய்ந்துபோய், எண்பத்தாறில் சக்கர நாற்காலிக்கு மாறினார். அப்போதுதான், தன் கையால் நகலெடுத்த வீடுகளில் ஒன்றுக்குள்கூடத் தன்னால் நுழைய முடியாது என்று தெரிந்தது. “எத்தனை கக்கூஸ் கதவு வரைஞ்சிருப்பேன்! அத்தனையும் எனக்கு நானே சாத்திக்கிட்டது” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், கேட்கிறவருக்குத்தான் சிரிப்பு வராது.

அவருடைய ஆயுதம் ஒரு கோல். மிச்சப்பட்ட தேக்குச் சட்டத்தை ஆசாரியிடம் கொடுத்து ஜலால் இழைத்து வாங்கித் தந்தது. சரியாக முப்பத்திரண்டு அங்குலம். நடுவில் இருபத்தாறு அங்குலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட். அது நாற்காலியின் அகலம். இரண்டு நுனியிலும் மூன்று மூன்று அங்குலம் சிவப்பு. அது சக்கரத்தைத் தள்ளுகிற கைமுட்டிகளுக்கு. கதவு நிலைக்குள் கோலைக் குறுக்கே பிடிப்பார். இடிக்காமல் போனால் “போகுது.” இடித்தால் “போகல.” வெள்ளை போய்ச் சிவப்பு இடித்தால் “தோல் போகும்” என்பார். அவருடைய இரண்டு கை முட்டியிலும் தோல் போன தழும்பு இருக்கிறது.

ஆசாரிகளோடு ஓயாத சண்டை. இரண்டே முக்கால் அடிக் கதவு என்று பிளானில் போட்டால், ஆசாரி நிலையை வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து செய்துவிடுவார். இரண்டு பக்கமும் மரத்தின் கனம் தின்றது போக, ஆள் போகிற வழி இருபத்தேழோ இருபத்தெட்டோதான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் சிவப்பில் ‘உள்ளளவு 32’ என்று எழுதுகிறார். நாற்பது கதவு இருந்தால் நாற்பது தடவை. “மொத்தமா ஒரு ஓரத்துல எழுதினா போதாதா மேடம்?” என்று ஒரு இளம் இஞ்சினியர் கேட்டார். “ஒரு ஓரத்துல எழுதினா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க தம்பி” என்று நாற்பத்தோராவது தடவையாக அந்த ஓரத்திலும் எழுதிக் கொடுத்தார்.

தொண்ணூறுகளில் கேம்ப் ரோட்டிலும் வேளச்சேரி ரோட்டிலும் தோப்புகள் விழுந்தன, அடுக்குமாடிகள் எழுந்தன. ஒரு புரமோட்டர், வாஸ்துக்காரர் சொன்னார் என்பதற்காக, கட்டி முடித்த சமையலறையையே இடித்துத் தென்கிழக்குக்கு நகர்த்தினார். அதே மனிதரிடம் கக்கூஸ் கதவை நாலு அங்குலம் அகலமாக்கச் சொன்னார் ஞானசௌந்தரி. “நாலு அங்குலமா! அவ்ளோ இடத்துக்கு நான் எங்க மேடம் போவேன்?” என்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாராம். வாசல் சரிவு கதையும் அப்படித்தான். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், மூன்றடியில் முடித்துவிட்டு “ஸ்கூட்டர் சர்ருனு ஏறுது மேடம்” என்பார்கள். “ஸ்கூட்டருக்கு இஞ்சின் இருக்கு சார், எனக்குத் தோள்பட்டைதான் இருக்கு” என்று இவரும் சொல்லி அலுத்துவிட்டார். பதினொரு வருஷத்தில் அறுபது சொச்சம் பிளான் பார்த்திருக்கிறார். சொன்னபடி கட்டியது நான்கு. அதில் இரண்டில் சரிவின் மேல் இப்போது குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன.

ஐந்தாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும். அதுதான் அவர் இப்போது உட்கார்ந்திருக்கிற வீடு.

அப்பா விட்டுப்போன ஒன்றரை கிரவுண்டு மனை அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. தம்பி சவுரிமுத்து, நான்கு வயது இளையவர், பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். மீசை முளைக்கும் முன்பே அக்காவை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போன தம்பி. தொண்ணூற்று மூன்றில் துரை என்ற புரமோட்டரிடம் மனையைக் கொடுத்தார்கள். எட்டு வீடு கட்டி, தம்பிக்கு இரண்டு, அக்காவுக்கு ஒன்று என்று பேச்சு. பிளானை நானே வரைகிறேன் என்றார் ஞானசௌந்தரி. மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தார். தன் வீடு தரைத்தளத்தில். காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பதினெட்டு அடிக்குச் சரிவு. எல்லாக் கதவும் உள்ளளவு முப்பத்திரண்டு. யார் கையையும் எதிர்பார்க்காமல் வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போய்வர ஒரு வழி. வாழ்க்கையில் தனக்கென்று அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

வேலை ஆரம்பிக்கும் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சவுரிமுத்து வந்தார். கையில் ரப்பர் பேண்ட் போட்ட பிளான் சுருள். “அக்கா, சின்ன மாத்தம்தான், கார் பார்க்கிங்குக்காக. துரை சார் வெளிய வெயிட் பண்றார். இன்னைக்கே சப்மிட் பண்ணணுமாம்” என்றார். அன்றைக்கு அக்காவின் மேஜையில் வண்டலூர்ப் பக்கம் வரப்போகிற நாற்பத்தெட்டு வீட்டு பிளான் விரிந்திருந்தது. அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. நான்கு டம்ளரும் அதன் மேல்தான் இருந்தன. தம்பி நீட்டியதை வாங்கினார். ரப்பர் பேண்டுக்கு அடியில் விரலை விட்டார். அப்புறம் விரலை எடுத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் தம்பியைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்ததாம். சுருளின் ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் நிமிர்த்தி, அங்கே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். “ஊர்ல இருக்கிற அத்தனை பேர் பிளானையும் பிரிச்சுப் பார்த்தேன். என் பிளானை மட்டும் பிரிக்கல” என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

அந்தச் சுருளுக்குள் தரைத்தளத்து வீடு இல்லை. வெறும் தூண்கள், நடுவே கார் நிற்க இடம். இவருடைய வீடு சுவர் மாறாமல், கதவு மாறாமல், உள்ளளவு முப்பத்திரண்டோடு அப்படியே முதல் மாடிக்கு ஏறியிருந்தது. மூலையில் லிஃப்ட் என்று ஒரு சதுரம் போட்டிருந்தார்கள். தூண் எழும்பிய பிறகுதான் ஞானசௌந்தரிக்குத் தெரிந்தது. ஆட்டோவில் போய் இறங்கி, தூண்களுக்கு நடுவில் நாற்காலியை நிறுத்தி, அண்ணாந்து பார்த்தார். “லிஃப்ட் வருதுக்கா, பட்டனைத் தட்டினா போதும்” என்றார் தம்பி. “உங்களுக்குன்னே வெச்சது மேடம்” என்றார் துரை. அங்கே கொத்தனார்களை மேய்த்துக்கொண்டிருந்த ஜலால்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எக்கா, நீ வரைஞ்ச வூடு இது இல்லக்கா. உனுக்குத் தெரியும்ல?” என்று கேட்டார். ஏமாந்துபோனேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வாய் வரவில்லை. “தெரியும்” என்றார் ஞானசௌந்தரி.

வீடு முடிந்தது, லிஃப்ட் வரவில்லை. இத்தனை சின்னக் கட்டடத்துக்கு லிஃப்ட் கட்டாயமில்லை என்று துரைக்குத் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. குழியைத் தோண்டினபடி விட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போய்ச் சேர்ந்தார். லிஃப்ட் கதவு வர வேண்டிய இடத்தில் ஒவ்வொரு மாடியிலும் பலகை அடித்து, பலகைக்கு முன்னால் செருப்பு ஸ்டாண்ட் போட்டுக்கொண்டார்கள். தொண்ணூற்றைந்து ஜனவரியில் பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்தார். அன்று நான்கு பேர் ஞானசௌந்தரியை நாற்காலியோடு தூக்கிப் பதினெட்டுப் படி ஏற்றினார்கள். முன்பக்கம் பிடித்திருந்தது சவுரிமுத்து. “கனமே இல்லக்கா” என்றார் மூச்சு வாங்க.

இன்றோடு இரண்டரை வருஷம். கீழே இறங்கியது ஐந்தே தடவை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு, ஓட்டுப் போட ஒன்று, ஈஸ்டர் பூசைக்கு ஒன்று, வண்டலூரில் அந்த நாற்பத்தெட்டு வீட்டுத் திறப்புவிழாவுக்கு ஒன்று. அந்த விழாவில் இவருக்குப் பொன்னாடை. மேடைக்கு ஐந்து படி இருந்தது, ஆகவே பொன்னாடையைக் கீழே கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனார்கள். வயிற்றெரிச்சல்! திரும்பி வந்து மாடி ஏற்றும்போது ஒருவர் கை நழுவி, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் யாரையும் தூக்கக் கூப்பிடவில்லை.

இப்போது கட்டடம் பார்க்கக் கோல் மட்டும்தான் போகிறது. கூடையில் நெட்டுக்குத்தலாக வைத்து இறக்குவார். ஜலால் எடுத்துப்போய் ஒவ்வொரு கதவிலும் பிடித்துப் பார்த்து, சிமெண்டு மூட்டைத் தாளைக் கிழித்து அதில் ‘போவுது, போவல’ என்று எழுதிக்கொண்டு வருவார். “மேடம் சைட்டுக்கு வர மாட்டாங்களா?” என்று புரமோட்டர்கள் போனில் கேட்டால், “வேற வேலை இருக்கு சார்” என்பார். வழி சொல்கிறவரே மாடியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் யார் பிளானைக் கொடுப்பார்கள்? ஜலாலும் வெளியே மூச்சு விடுவதில்லை. “அக்கா பிஸியா கீது சார்” என்பார்.

வீட்டுக்காரர் சங்கத்தின் செயலாளர் மூன்றாம் மாடி பட்டாபிராமன். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், படி ஏறி இறங்குவது இதயத்துக்கு நல்லது என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவர். லிஃப்ட் போடுவதைப் பற்றி மூன்று கூட்டம் நடந்தது. மூன்றும் கீழே, கார் நிற்கிற இடத்தில். ஞானசௌந்தரி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “வருஷத்துல ரெண்டு தடவை எறங்கறவங்களுக்கு லிஃப்ட் எதுக்கு சார்?” என்று யாரோ கேட்டார்கள். “லிஃப்ட் இல்லாததாலதான் சார் ரெண்டு தடவை!” என்று இவர் மேலிருந்து கத்தினார். “மேடம், ஒவ்வொருத்தரா பேசுவோம்” என்றார் பட்டாபிராமன். அப்புறம் இவர் முறை வரவே இல்லை. போன வருஷம் ஊனமுற்றோருக்கான சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பேப்பரில் வந்ததைக் கத்தரித்துக் கூடையில் இறக்கினார். “இதெல்லாம் பப்ளிக் பில்டிங்குக்கு மேடம். நம்மளது பிரைவேட்” என்று பட்டாபிராமன் அழகாக மடித்துத் திருப்பி வைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு முடிவுக்கு வந்தார்கள். லிஃப்டுக்கு விட்ட இடத்தில் மாடிக்கு மாடி கான்கிரீட் தளம் போட்டு, சாமான் அறை ஆக்குவது. கொலு பொம்மை, ஓடாத ஃபேன், கல்யாணத்துக்கு வாங்கின அண்டா இதையெல்லாம் வைக்க இடமில்லையாம். தளம் போட்டுவிட்டால் அப்புறம் லிஃப்ட் என்கிற பேச்சுக்கே வழியில்லை. ஆனால் எட்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்க முடியும். ஒன்று குறைந்தாலும் முடியாது. ஞானசௌந்தரியிடம் யார் போய்க் கேட்பது என்று சங்கத்தில் யோசித்தார்கள். சரியான ஆளாகப் பார்த்துத்தான் பிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு சவுரிமுத்துவின் ஸ்கூட்டர் கீழே வந்து நின்றது. அவர் குரோம்பேட்டையில் இருக்கிறார். இங்கே இரண்டு வீட்டில் ஒன்றை விற்றாகிவிட்டது, ஒன்றில் வாடகைக்கு ஆள். “அக்கா, கூடையை எறக்கு!” என்றார். வண்டியை அணைக்கவில்லை.

“மேல வாயேன்டா. டீ போடுறேன்.”

“இல்லக்கா, ஒரு மாசமா முட்டி வலி. மாடிப்படி ஏற முடியல.”

ஞானசௌந்தரி பிரேக்கைப் போட்டார். பிறகு கூடையை இறக்கினார்.

“சின்ன விஷயம்தான்கா” என்று அதில் ஒரு சுருளை வைத்தார் சவுரிமுத்து. “எல்லாரும் போட்டாச்சு. நீயும் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா முடிஞ்சுது. பட்டாபிராமன் சார் வெயிட் பண்றார்.” தூணோரம் பட்டாபிராமன் பேப்பர் படிப்பது போல நின்றுகொண்டிருந்தார்.

கூடை மேலே வந்தது. சுருளில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. ஞானசௌந்தரி அதை மெதுவாகக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். தாளை மேஜையில் விரித்தார். நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர் வைத்தார். முதல் மாடியிலிருந்து ஆரம்பித்து மூன்றாம் மாடி வரை, தளத்தின் கனம், கம்பிகளின் இடைவெளி, சாமான் அறைக் கதவு இரண்டடி என்று ஒரு கோடு விடாமல் படித்தார். கடைசியில் கையெழுத்துகளுக்கு வந்தார். ஏழு இருந்தது. ஏழாவது தம்பியுடையது. ‘ச’வுக்கு அடியில் நீளமாக இழுத்த கோடு, எட்டாம் வகுப்பில் டவுசர் போட்ட தம்பிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். அதற்குக் கீழே இவர் பெயரை டைப் அடித்து, எதிரே இடம் விட்டிருந்தார்கள்.

“ஆச்சாக்கா?” என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஸ்கூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆச்சுடா.”

தாளை டம்ளர்களுக்கு அடியிலேயே விட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். பிரேக்கைப் போட்டார். கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி, வழக்கத்தைவிட நிதானமாக இறக்கினார். கூடை தரையைத் தொட்டதும் சவுரிமுத்து குனிந்து கையை விட்டுத் துழாவினார். உள்ளே ரப்பர் பேண்ட் மட்டும்தான் இருந்தது.